கிளட்ச் வந்த கதையும் கியர் விழாத காரணமும்



கிள்ளான் வட்டாரத்தில், காப்பார் சாலையானாலும் மேரு சாலையானாலும் பந்திங் சாலையானாலும், லோரியும் வேனும் பழுது பார்க்கும் பட்டறைகள் பல உண்டு. அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று: “கிளட்ச் புதிதாகப் போட்டாகிவிட்டது, ஆனாலும் கியர் விழமாட்டேன் என்கிறது.” பழைய கிளட்ச் இருந்தபோது வண்டி ஏற்றத்தில் திணறியதே தவிர, கியர் சுலபமாக விழுந்தது. புதியது போட்டபின் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் பல்லைக் கடிக்கிறது. இது எப்படி? புதிய பொருள் பழைய பொருளைவிட மோசமாகுமா?

இந்தக் கேள்வி எழுந்தவுடன் பழி போடும் படலம் தொடங்கிவிடும். வண்டிக்காரர் போமனைக் குறை சொல்வார். போமன் கியர்பெட்டியைக் குறை சொல்வார். “கியர்பெட்டி போய்விட்டது, மாற்றிவிடலாம்” என்று ஒருவர் முடிவு கட்டினால், அதற்கு ஆகும் செலவு ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பாக இருக்கும். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் வாய் திறக்காமல் நிற்பவன், பள்ளிப் படிப்பை முடித்து, தோட்டத்திலிருந்து பட்டறைக்கு வேலை பழக வந்த பையன். “நீதான் சரியாகப் பூட்டவில்லை” என்று கடைசியில் அவன் தலையில்தான் விடியும்.

ஆகவே, இந்தக் கேள்விக்கு இன்று விடை தேடுவோம். விடையை நேராகச் சொல்லிவிடலாம். ஆனால் அது மனத்தில் நில்லாது. கிளட்ச்சும் கியரும் எப்படி வந்தன என்ற வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், விடை தானாகவே விளங்கும். ஏனென்றால், வண்டியில் உள்ள ஒவ்வொரு பாகமும் அதற்கு முன்னால் இருந்த ஏதோ ஒரு குறையைத் தீர்க்க வந்ததுதான். அப்படி வந்த ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நிபந்தனையையும் கூடவே கொண்டு வந்தது. அந்த நிபந்தனை மறக்கப்பட்ட இடத்தில்தான் பழுது முளைக்கிறது.

மோட்டார் வண்டியின் வரலாறு நமக்கு அந்நியமான ஒன்றன்று. 1886ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதே 1886இல்தான் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை முதல் இரயில் ஓடியது. இரண்டே ஆண்டுகளில், 1888இல், டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைக் கொண்டு வந்தார். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்குப் பால்மரம் வேண்டும். பால்மரத்துக்கு ஆள் வேண்டும். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு ‘மாடல் டி’ காரை வெளியிட்டார். 1927க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கார்கள் அந்த ஒரே மாதிரியில் செய்யப்பட்டன. 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை வானளாவ உயர்ந்தது. சிலாங்கூர் முழுவதும் காடுகள் தோட்டங்களாயின. நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறி வந்த காரணம் அந்த டயரில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

சரி, அந்தக் காருக்குக் கிளட்ச் எதற்கு?

மாட்டை வண்டியில் பூட்டுகிறோம். மாடு நின்ற இடத்திலிருந்தே மெல்ல இழுக்கும். நிற்கச் சொன்னால் நிற்கும். பெட்ரோல் இயந்திரத்தால் அப்படி முடியாது. அது சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு வலிமை உண்டு. நின்றுபோன இயந்திரத்துக்கு இழுக்கும் சக்தி சிறிதும் இல்லை. ஆகவே, வண்டி நிற்கும்போதும் இயந்திரம் சுற்ற வேண்டும். வண்டி புறப்படும்போது சுற்றும் இயந்திரத்தையும் நிற்கும் சக்கரத்தையும் மெதுவாக இணைக்க வேண்டும். பென்ஸின் வண்டியில் இந்த வேலையை ஒரு தோல்வார் செய்தது. வாரைச் சும்மா சுற்றும் உருளைக்குத் தள்ளினால் வண்டி நிற்கும். பூட்டிய உருளைக்குத் தள்ளினால் ஓடும்.

1891ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் எமில் லெவாசோர் என்ற பொறியாளர் வேறொரு வழியைக் கண்டார். இயந்திரத்தை வண்டியின் முன்பக்கம் வைத்தார். அதன் பின்னால் கிளட்ச், அதன் பின்னால் பல்சக்கரங்கள் கொண்ட கியர்பெட்டி என்று வரிசையாக அமைத்தார். ஒரு தண்டில் உள்ள பல்சக்கரத்தை நகர்த்தி, மற்றொரு தண்டில் உள்ள பல்சக்கரத்தோடு மோதிச் சேர்ப்பதே அவருடைய முறை. “முரட்டுத்தனமான வேலைதான், ஆனால் ஓடுகிறதே!” என்ற பொருளில் அவரே சொன்னதாகக் கூறுவர். 1895இல் பாரிஸிலிருந்து போர்டோ சென்று திரும்பும் பந்தயத்தில், அவர் ஏறக்குறைய 49 மணி நேரம் தாமே வண்டியை ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார். இன்று நம் லோரிகளில் உள்ள அமைப்புக்கு மூலம் அந்த வண்டிதான்.

லெவாசோர் சொன்ன முரட்டுத்தனம் எது என்று பாருங்கள். ஓடும் பேருந்தில் தாவி ஏறுகிறவன் என்ன செய்வான்? பேருந்தோடு சிறிது தூரம் தானும் ஓடி, வேகம் ஒத்துவந்தபின் காலை வைப்பான். நின்ற இடத்திலிருந்து தாவினால் விழுந்து பல்லை உடைத்துக்கொள்வான். பல்சக்கரங்களும் அப்படியே. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் சத்தமின்றிச் சேரும். வேகம் மாறுபட்டால் பல்லோடு பல் மோதிக் கரகரக்கும். அந்த வேகத்தை ஒத்துவரச் செய்வது எப்படி? மோட்டார் வண்டி வரலாற்றின் முதல் நாற்பது ஆண்டுகள் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே கழிந்தன.

அக்காலத்துக் கார்களில் பெரும்பாலும் கூம்பு வடிவக் கிளட்ச்தான் இருந்தது. இயந்திரத்தின் பின்னால் சுற்றும் கனத்த பிளைவீலில் ஒரு குழிவு. அதில் தோல் போர்த்திய கூம்பு போய் அழுந்தும். தோல் காய்ந்து விறைத்தால் வண்டி தூக்கிப் போடும். அதற்கு விளக்கெண்ணெய் போன்ற எண்ணெய்களைத் தடவி மிருதுவாக்குவார்கள். அந்தக் கூம்புக்கு மற்றொரு குறையும் உண்டு. அது கனமானது. மிதியை அழுத்திப் பிரித்த பின்னும் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனோடு கியர்பெட்டியின் முன்தண்டும் சுற்றும். அந்த நேரத்தில் கியர் போட்டால் கரகரப்புதான். ஆகவே, மிதியை முழுதும் அழுத்தும்போது அந்தக் கூம்பைத் தொட்டு நிறுத்துவதற்கென்றே ஒரு சிறு பிரேக்கை வைத்தார்கள்.

நேயர்களே, இந்த இடத்தை நன்றாக நினைவில் வையுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கியர் விழாத குறைக்கு மருந்தாகக் கியரை மாற்றவில்லை. கிளட்ச்சுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள். நம் பட்டறைக் கேள்விக்கான விடையின் பாதி இங்கேயே இருக்கிறது.

கனத்த கூம்பு போய், 1920ஆம் ஆண்டுகளில் மெல்லிய ஒற்றைத் தட்டுக் கிளட்ச் பரவியது. அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சிறு தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். கைகளைத் திருப்பினால் தட்டும் திரும்பும். ஓர் உள்ளங்கைதான் பிளைவீல். மற்றொன்று ஸ்பிரிங்கின் பலத்தால் அழுத்தும் பிரஷர் பிளேட். நடுவில் உள்ளது கிளட்ச் பிளேட். மிதியை அழுத்தும்போது ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கைத் தள்ளும், பிரஷர் பிளேட் பின்வாங்கும், நடுத்தட்டு விடுபடும். எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளிதான். நடுத்தட்டின் இரு பக்கமும் பகிர்ந்துகொண்டால் பக்கத்துக்கு அதிலும் பாதி. இதுதான் ஒற்றைத் தட்டின் நிபந்தனை: தட்டு நேராக இருக்க வேண்டும், மிதியின் அசைவு முழுதாக வந்து சேர வேண்டும். இரண்டில் ஒன்று சற்றுக் குறைந்தாலும் தட்டு விடுபடாது, உரசிக்கொண்டே சுற்றும்.

கியர்பெட்டியின் பக்கம் வருவோம். பல காலம் ஓட்டுநரின் காலும் காதும்தான் வேகத்தை ஒத்துவரச் செய்தன. கிளட்ச்சை மிதித்துக் கியரை நடுவில் விட வேண்டும். கிளட்ச்சை விட்டு, தேவையானால் எண்ணெய் மிதியைத் தட்டி, மீண்டும் கிளட்ச்சை மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். இரட்டை மிதி என்னும் இந்த வித்தை தெரியாதவருக்கு லோரி ஓட்ட வராது. பழைய தோட்டத்து லோரி டிரைவர்கள் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே கியர் போடுவார்கள். அது ஏட்டில் எழுதப்படாத கல்வி. கையிலிருந்து கைக்கு வந்த கல்வி.

1928ஆம் ஆண்டில், 1929ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் கார்களில் ‘சின்குரோமெஷ்’ என்ற ஒரு புதுமை வந்தது. அதை உருவாக்கியவர் ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்கர். பற்கள் சேர்வதற்கு முன்னால், கூம்பு வடிவான ஒரு சிறு வளையம் சுற்றும் பல்சக்கரத்தின் மேல் உரசும். உரசி அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்து, ஒத்துவந்தபின் வழி விடும். பிற்காலத்தில் பித்தளை போன்ற உலோகத்தில் இவ்வளையங்கள் செய்யப்பட்டன. ஓட்டுநரின் கால் செய்த வேலையை வளையம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் எல்லாக் கியருக்கும் இந்த வசதி உடனே வரவில்லை. மலாயாவில் பலர் வைத்திருந்த மோரிஸ் மைனர் காரில் முதல் கியருக்குக் கடைசிவரை சின்குரோ கிடையாது. ரிவர்ஸ் கியருக்கு அது இல்லாத வண்டிகள் இன்றும் ஏராளம்.

இந்தச் சிறு வளையத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நம் கேள்விக்கு உயிர்நாடி இதுவே. வளையத்தால் நிறுத்த முடிந்தது எதை? தனியே விடப்பட்ட மெல்லிய கிளட்ச் பிளேட்டையும் முன்தண்டையும், அவற்றோடு சுற்றும் பல்சக்கரங்களையும் மட்டுமே. கிளட்ச் முழுதும் பிரியாமல் உரசிக்கொண்டிருந்தால், அந்தத் தண்டை இயந்திரமே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். குழந்தை கையால் எருமையை நிறுத்த முடியுமா? வளையம் நிறுத்தப் பார்க்கும், முடியாது, வழியும் விடாது. நம் கையில் அது ‘கியர் விழவில்லை’ என்று தெரியும். பலவந்தமாகத் தள்ளினால் வளையம் தேயும். அப்படிப் பல நாள் தள்ளி ஓட்டினால் நல்ல கியர்பெட்டியும் உண்மையாகவே கெட்டுப்போகும்.

இந்த இயந்திரங்கள் நம் வட்டாரத்துக்கு வந்த கதையையும் சிறிது பார்ப்போம். 1901இல் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் அது கிள்ளான் துறைமுகம் என்று பெயர் பெற்றது. தோட்டத்து ரப்பர் அங்கே போய்ச் சேர மாட்டுவண்டியும் இரயிலும், பின்னர் லோரியும் உதவின. ஆயினும் வண்டி யாருடையது, அதில் யார் ஏறலாம் என்பதெல்லாம் வேறு கதை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு தொழிலாளர்கள் கேட்டவற்றுள் ஒன்று என்ன தெரியுமா? துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. உலகத்தின் டயருக்கெல்லாம் பால் வெட்டிக் கொடுத்தவன், தன் சைக்கிள் டயரின் மேல் உட்கார்ந்து போக உரிமை கேட்டான். அந்தப் போராட்டத்தை நடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அதே 1941ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் ஃபோர்டு கார் பொருத்தும் ஆலை திறக்கப்பட்டது. சில மாதங்களில் போர் வந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது அந்த ஆலைக் கட்டடத்தில்தான். போர் முடிந்தபின் பெட்ஃபோர்டு, ஆஸ்டின், காமர் போன்ற பிரிட்டிஷ் லோரிகள் தோட்டச் சாலைகளில் ஓடின. பின்னர் ஜப்பானிய லோரிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

தாய்த் தமிழகத்திலும் ஏறக்குறைய இதே காலத்தில் இயந்திரக் கல்வி பரவியது. 1912இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்துச் சேவை தொடங்கினார். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியை எரித்து வரும் வாயுவால் பேருந்துகளை ஓட்டும் கருவியை அவருடைய நிறுவனம் செய்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜி. டி. நாயுடு 1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவர், இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே பெரிய தொழில்வல்லுநர் ஆனார்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டுகளில் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே வந்தன. முதலாவது, பால்மரம் இருந்த இடங்களில் செம்பனை பரவியது. செம்பனை நமக்குப் புதியதன்று. 1917இலேயே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் அது வாணிகப் பயிராக நடப்பட்டது. ஆனால், செம்பனைக் குலைக்கு அவசரம் அதிகம். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் எண்ணெயின் தரம் குறையத் தொடங்கும். ஒட்டுப்பால் ஒரு நாள் காத்திருக்கும், குலை காத்திராது. ஆகவே, கியர் விழாமல் லோரி சாலையோரம் நின்றால் அது டிரைவரின் தொல்லை மட்டுமன்று. குலை வெட்டியவரின் உழைப்பும் சேர்ந்து நிற்கிறது.

இரண்டாவது மாற்றம் கார் தொழில். 1967இல் ஷா ஆலமை அடுத்த பத்துத் தீகாவில் வோல்வோ கார்களைப் பொருத்தும் ஆலை தொடங்கியது. மலேசியாவின் முதல் கார் பொருத்தும் ஆலை அதுவே. 1983இல் புரோட்டோன் நிறுவனம் உருவாகி, 1985 ஜூலையில் ‘சாகா’ கார் வெளிவந்தது. அதன் ஆலையும் ஷா ஆலமில்தான் அமைந்தது. முன்னாளில் அந்த வட்டாரம் ரப்பரும் செம்பனையுமாக இருந்த இடம். கார் டயருக்காகப் பால் வெட்டிய மண்ணிலேயே கார் செய்யும் ஆலை எழுந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, வேலை தேடி வெளியே வந்த நம் பிள்ளைகளில் பலர் பட்டறைத் தொழிலில் கால் வைத்தனர். ஆகவேதான் இந்தப் பேச்சு உங்கள் வீட்டுக்குள் வருகிறது.

இனி, பட்டறையில் நிற்கும் அந்த வண்டிக்குப் போவோம்.

முதலில் ஒரு சோதனை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஒருமுறை பல்லோடு பல் முட்டினால், மிதியை விட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள். இயந்திரம் நிற்கும்போது கியர் சுலபமாக விழுந்து, இயந்திரம் ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால், கியர்பெட்டியைக் கழற்ற அவசரம் வேண்டாம். கிளட்ச் முழுதும் பிரியவில்லை என்பதே பொருள். இயந்திரம் நின்றபோதும் கியர் கடினமாகவே இருந்தால், கியர்த் தண்டின் இணைப்புக் கம்பிகள், கம்பிவடங்கள், அல்லது பெட்டியின் உட்பக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பெட்டியை இறக்கி ஏற்றும்போது இந்த இணைப்புகள் இடம் மாறிப் பூட்டப்படுவதுண்டு. வடித்த எண்ணெய்க்குப் பதிலாகக் கையேட்டில் சொல்லாத கனத்த எண்ணெயை ஊற்றினாலும், வண்டி சூடேறும்வரை கியர் இறுகும்.

இரண்டாவது சோதனை. பிரேக்கை மிதித்துக்கொண்டு, இயந்திரம் மெதுவாக ஓடும்போது கிளட்ச்சை அடிவரை மிதித்துப் பத்து எண்ணுங்கள். பிறகு மெல்ல ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் நன்றாகப் பிரிந்திருந்தால், அந்தப் பத்து எண்ணுவதற்குள் முன்தண்டு நின்றிருக்கும்; சத்தம் வராது. கரகரத்தால் தண்டை ஏதோ ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றைத் தேடுவதே நம் வேலை.

தேடும்போது செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. கம்பிவடக் கிளட்ச்சானால் மிதியின் தளர்வைப் பாருங்கள். பழைய பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட் பிளைவீலை நெருங்கும். ஸ்பிரிங்கின் நுனிகள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வரும். அதற்கேற்ப வடத்தை அவ்வப்போது திருத்தியிருப்பார்கள். புதிய பிளேட் தடிமனானது. அதைப் போட்டவுடன் அந்த நுனிகள் உள்ளே போய்விடும். பழைய பிளேட்டுக்கு வைத்த வட அளவு புதியதற்கு ஒத்துவராது. மிதி பாதி வழி வெறுமனே போகிறது. மீதிப் பாதியில் தட்டு விடுபடவில்லை. புதிய பொருள் பழையதைவிட மோசமாக நடப்பதன் இரகசியங்களில் இது ஒன்று. கையேட்டில் குறித்த அளவுக்குத் தளர்வைத் திருத்தினால் போதும். மிதிக்கு அடியில் தடித்த பாய் விரித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கால் அடிவரை போகாததற்கு அதுவும் காரணமாகலாம்.

எண்ணெயால் இயங்கும் கிளட்ச்சானால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். மிதியை நான்கைந்து முறை விரைவாக அழுத்தியபின் கியர் சுலபமாக விழுந்தால், காற்றோ கசிவோ இருக்கிறது என்று ஊகிக்கலாம். ஒருவர் மிதிக்க, ஒருவர் திருகைத் தளர்த்த, காற்றை வெளியேற்ற வேண்டும். கீழே உள்ள சிறு சிலிண்டரின் தண்டு எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்பதையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

இவை சரியாக இருந்தால்தான் பெட்டியை மறுபடி இறக்க வேண்டும். இறக்கினால் வரிசையாகப் பாருங்கள். கிளட்ச் பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா? பெரும்பாலான வண்டிகளில் ஸ்பிரிங்குகள் புடைத்திருக்கும் பக்கம் கியர்பெட்டியை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் அது பிளைவீலில் இடித்து விடுபடாமல் நிற்கும். பிளேட் வளைந்திருக்கிறதா? பெட்டியை ஏற்றும்போது அதன் பாரத்தைப் பிளேட்டின் மேல் தொங்கவிட்டால், மெல்லிய பிளேட் வளைந்துபோகும். ஒரு மில்லிமீட்டர்க் கணக்கைத்தான் முன்பே பார்த்தோமே! பிளேட் வழுக்கிப் போக வேண்டிய தண்டின் பள்ளங்களில் துரு இருக்கிறதா? துரு இருந்தால் பிளேட் பின்வாங்காது. கிரீஸ் மெல்லியதாகத் தடவ வேண்டும். அள்ளி அப்பினால் அது பிளேட்டின் மேல் தெறித்து வேறு வினை செய்யும். பிரஷர் பிளேட்டின் திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கினார்களா? ஒரே பக்கமாக முடுக்கினால் மூடி கோணும்.

கடைசியாக, பலரும் மறப்பது பைலட் பேரிங். பின்சக்கர ஓட்டமுள்ள பல வண்டிகளில், முன்தண்டின் நுனி இயந்திரத்தின் பின்முனையில் உள்ள இந்தச் சிறிய பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். அது இறுகிப்போனால், கிளட்ச் எவ்வளவு நன்றாகப் பிரிந்தாலும் இயந்திரம் தண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அக்காலத்துக் கனத்த கூம்பு தந்த அதே தொல்லை, இன்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பேரிங்கிலிருந்து வருகிறது. மலிவான பொருள்தான்; கிளட்ச் மாற்றும்போதே அதையும் விரலால் சுற்றிப் பார்த்து மாற்றியிருந்தால் இரண்டாம் முறை பெட்டியை இறக்க வேண்டியிராது.

பெற்றோர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தோலுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் கிளட்ச் பிளேட்டின் உரசும் பரப்பில் அஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் கலக்கப்பட்டது. சூட்டைத் தாங்கும் என்பதற்காகச் சேர்த்தார்கள். அதன் தூசு நுரையீரலில் புகுந்து ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை விளைவிக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. 1986ஆம் ஆண்டில் நம் நாட்டில் கல்நார் வேலைகளுக்கெனத் தனி விதிகள் இயற்றப்பட்டன. கல்நார் இல்லாத பிளேட்டுகள் இப்போது கிடைக்கின்றன. ஆனால், பழைய வண்டியைத் திறக்கும்போது உள்ளே என்ன தூசு இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். தூசு படிந்த சட்டையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கக் கூடாது. வேலை பழகும் பிள்ளைக்கு முதல் பாடமாக இதைச் சொல்லிக் கொடுங்கள்.

நேயர்களே, லெவாசோருக்குப் பின் தாம்சன் வரை எவரும் கியரைப் பலவந்தமாகத் தள்ளிக் குறையைத் தீர்க்கவில்லை. பின்னால் சுற்றுவது எது, ஏன் நிற்கவில்லை என்று கேட்டே தீர்த்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பட்டமோ பெரிய கருவியோ தேவையில்லை. இயந்திரத்தை நிறுத்தி ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை கியரைப் போட்டுப் பார்த்தால் போதும். பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகள் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். எந்த வண்டி, என்ன குறை, முதலில் எதைப் பார்த்தோம், கடைசியில் எது காரணமாயிற்று என்று தமிழிலேயே எழுதிவரட்டும். கையோடு வந்து கையோடு போய்விட்ட பழைய டிரைவர்களின் கல்வி அப்படித்தான் ஏட்டில் ஏறும். அடுத்த முறை “யார் குற்றம்?” என்ற பேச்சு எழும்போது, அந்தப் பையன் குறிப்பேட்டைத் திறந்து, “முதலில் இதைச் சோதித்துப் பார்ப்போம், அண்ணே” என்று சொல்லலாம்.